இணைய விளம்பரம்: பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய எட்டுப் பாடங்கள்

வியாபாரம் நமக்குப் புதிதல்ல. தோல், துணி, அரிசி மண்டி, பிரியாணிக் கடை, பாய் நெசவு, பீடி, அத்தர் என்று பல தலைமுறைகளாகச் சொந்தத் தொழில் பார்த்தே நம் குடும்பங்கள் நிமிர்ந்திருக்கின்றன. கடைத்தெருவில் நல்ல இடம் எது, எந்த மொத்த வியாபாரியின் பேச்சை நம்பலாம், எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதெல்லாம் நம் பெரியவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது.

இன்று கடைத்தெருவின் பெரும்பகுதி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வீட்டில் இருந்தபடி தையல், மெஹந்தி, கேக், ஊறுகாய் விற்கும் சகோதரிகளும், வெளிநாட்டு வேலையை விட்டு வந்து ஊரில் சிறு தொழில் தொடங்கும் சகோதரர்களும் முதலில் கேட்பது, “ஆன்லைனில் விளம்பரம் போட்டால் ஓடுமா?” என்பதுதான். அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்களும் உண்டு. “வெப்சைட், எஸ்.இ.ஓ., ஃபேஸ்புக், கூகுள் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்” என்று சொல்லிச் சில ஆயிரங்களை முன்பணமாக வாங்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வியாபாரம் ஏறியிருக்காது. இணையதளமும் நம் பெயரில் இருக்காது. போனது பெரும்பாலும் நகையை அடகு வைத்த பணமாகவோ சீட்டு எடுத்த பணமாகவோ இருக்கும்.

இணைய விளம்பரம் ஏமாற்று வேலை என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. முறையாகப் பயன்படுத்தினால் சிறு தொழிலுக்கு அது பெரிய துணை. தராசைப் பிடிக்கத் தெரியாதவர் மண்டி வைக்க முடியாது. அதுபோல, இந்தக் கருவிகளின் அடிப்படை தெரியாமல் இதில் பணம் போடக் கூடாது. குடும்பமாக உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு பாடத்தையும் தங்கள் தொழிலோடு பொருத்திப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பாடம் 1: சாவி யார் கையில்?

கடையை வாடகைக்கு எடுத்தால் பத்திரத்தில் யார் பெயர் என்று பார்க்கிறோம். இணையத்திலும் அதையே முதலில் பார்க்க வேண்டும். அங்கே நமக்கு ஐந்து சாவிகள் உண்டு.

ஒன்று, டொமைன் என்னும் தளத்தின் பெயர். இதை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டுக்குக் குறைந்த விலை சொல்லி, அடுத்த ஆண்டிலிருந்து கூட்டுவது வழக்கம். ஆகவே வாங்கும்போதே புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேளுங்கள். இரண்டு, தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கு. மூன்று, கூகுள் வரைபடத்தில் நம் கடையின் பதிவு. நான்கு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்கள். ஐந்து, விளம்பரக் கணக்குகள்.

இந்த ஐந்தும் நம் மின்னஞ்சலிலும் நம் கைப்பேசி எண்ணிலும் பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்துதருபவரின் மின்னஞ்சலில் டொமைனை வாங்கிவிட்டால், நாளை அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடையின் பெயர்ப்பலகையையே அவர் கழற்றிக்கொண்டு போகலாம். இப்படிப் பெயரை இழந்துவிட்டு, புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்கியவர்கள் பலர்.

“அப்படியானால் அவர் எப்படி வேலை செய்வார்?” என்று கேட்கலாம். கடவுச்சொல்லைக் கொடுக்காமலே வேலை செய்ய அனுமதி கொடுக்கும் வசதி இந்தக் கருவிகளில் இருக்கிறது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உரிமையாளர், மேலாளர் என்று தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. நாம் உரிமையாளராக இருந்துகொண்டு அவரை மேலாளராகச் சேர்க்கலாம். கூகுள் ஆட்ஸில் நம் கணக்கை அவரது மேலாளர் கணக்கோடு இணைக்கலாம். மெட்டாவிலும் கூட்டாளி என்ற முறையில் அனுமதி தரலாம். வேலை முடிந்ததும் ஒரு நிமிடத்தில் அந்த அனுமதியை எடுத்துவிடலாம். நேர்மையாகத் தொழில் செய்பவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

பாடம் 2: காசில்லாமல் கிடைப்பதை முதலில் எடுங்கள்

காசு கட்டும் விளம்பரத்துக்குப் போகும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றைச் செய்து முடியுங்கள்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல்: “அருகில் தையல் கடை” என்று ஒருவர் தேடும்போது வரைபடத்தோடு வரும் பட்டியல் இதுதான். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது, 2021இல் இந்தப் பெயருக்கு மாறியது. இதில் சேரக் கட்டணம் கிடையாது. “உங்கள் கடையை மேப்பில் ஏற்ற இவ்வளவு கட்டுங்கள், இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம்” என்று கூகுள் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால் அது பொய் என்று அறிந்துகொள்ளுங்கள். கடை நேரம், விடுமுறை, விலை, உண்மையான படங்கள் ஆகியவற்றை நாமே ஏற்றலாம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலுக்கே இந்தப் பதிவு. கூரியரில் மட்டும் அனுப்பி விற்பவர்களுக்கு இது பொருந்தாது. வீட்டிலிருந்து தொழில் செய்து வாடிக்கையாளர் இடத்துக்குச் செல்லும் சகோதரிகள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம். இந்த வசதியை மறந்துவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ்: 2018இல் வந்த இந்தச் செயலியில் பொருள் பட்டியல், விலை, தானாகப் போகும் பதில் எல்லாம் வைக்கலாம். தொழிலுக்கென்று தனி எண் வைத்துக்கொள்வது நல்லது, குறிப்பாகப் பெண்களுக்கு. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும். இது ஒரு நல்ல கட்டுப்பாடு. விரும்பாதவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்ற ஒழுங்கை இது நமக்குக் கற்றுத்தருகிறது. வாடிக்கையாளர் கொடுத்த எண் நம்மிடம் இருக்கும் அமானிதம். அதை வேறொருவருக்கு விற்பதோ பகிர்வதோ கூடாது.

சர்ச் கன்சோல், அனலிட்டிக்ஸ்: இணையதளம் வைத்திருப்பவர்களுக்கான இரண்டு இலவசக் கருவிகள். மக்கள் எந்தச் சொல்லைத் தேடி நம் தளத்தைக் கண்டார்கள் என்பதை முதலாவது சொல்லும். தளத்துக்குள் வந்தவர் எங்கிருந்து வந்தார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், வாங்கினாரா இல்லையா என்பதை இரண்டாவது சொல்லும். கடைக்கு வந்தவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர் என்று கல்லாவில் உட்கார்ந்தவர் மனதுக்குள் வைக்கும் கணக்குதான் இது.

பாடம் 3: கட்டண விளம்பரம் எப்படி நடக்கிறது?

இணையத்தின் முதல் பட்டை விளம்பரங்கள் அமெரிக்காவில் 1994 அக்டோபரில் ஒரு பத்திரிகையின் தளத்தில் வந்தன. பத்திரிகை விளம்பரம் போலவே அதற்கும் விலை வைத்தார்கள். பிறகு, தேடும் சொல்லுக்கு ஏற்ப விளம்பரம் காட்டி, ஒருவர் அதைத் தொட்டால் மட்டும் காசு வாங்கும் முறை வந்தது. கூகுள் தன் விளம்பரச் சேவையை 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2018இல் அது கூகுள் ஆட்ஸ் ஆனது. ஃபேஸ்புக் 2007இல் தன் விளம்பர முறையைக் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்வது முக்கியம். கூகுள் தேடலில் விளம்பரம் பார்ப்பவர் ஏற்கெனவே அந்தப் பொருளைத் தேடிக்கொண்டிருப்பவர். கடைக்குள் நுழைந்து “இது இருக்கிறதா?” என்று கேட்பவரைப் போன்றவர் அவர். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்ப்பவரோ வேறு எதையோ பார்த்துக்கொண்டு தெருவில் போகிறவர். நல்ல படமும் நல்ல சொல்லும் இருந்தால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். குழாய் ரிப்பேர், வலிமா சமையல் போன்ற, தேவை வந்ததும் தேடப்படும் தொழிலுக்குத் தேடல் விளம்பரம் ஏற்றது. கண்ணால் பார்த்ததும் ஆசை வரும் துணி, கேக், கைவேலைப் பொருள்களுக்குப் பட விளம்பரம் ஏற்றது.

தேடல் விளம்பரத்தில் இடம் ஏலத்தில் போகிறது. ஆனால் மீன் ஏலம் போல, அதிகம் கேட்டவருக்கே கிடைக்கும் என்று இல்லை. கேட்கும் தொகையோடு விளம்பரத்தின் தரமும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. தேடிய சொல்லுக்கு விளம்பரம் பொருந்துகிறதா, தொட்டால் போகும் பக்கம் பயனுள்ளதா என்பதெல்லாம் தரத்தில் அடங்கும்.

எளிய கணக்காகப் பார்ப்போம். ஒருவர் ஒரு தொடுதலுக்கு 20 ரூபாய் தரத் தயார், அவர் விளம்பரத்தின் தரம் 4. பெருக்கினால் 80. இன்னொருவர் 12 ரூபாய்தான் தருவார், தரம் 9. பெருக்கினால் 108. குறைவாகக் கேட்ட இரண்டாமவருக்கே மேலிடம். அவர் கட்டுவது முழு 12 ரூபாயும் அல்ல. அடுத்தவரின் 80ஐத் தாண்டத் தேவையான அளவு, அதாவது 80ஐ 9ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 9 ரூபாய். நடைமுறையில் இன்னும் பல காரணிகள் சேரும் என்றாலும் அடிப்படை இதுதான். உள்ளதை உள்ளபடி, தேடுபவருக்குப் பொருத்தமாகச் சொல்பவருக்குச் செலவும் குறைகிறது.

பாடம் 4: பணம் ஒழுகும் மூன்று ஓட்டைகள்

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு நம் சமுதாயப் பெண்கள் நெய்யும் பாய் அது. மணமக்கள் பெயர் பொறித்த கல்யாணப் பாய்க்கு இன்றும் மதிப்பு உண்டு. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதை விற்கும் ஒருவர் கூகுளில் விளம்பரம் போடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஓட்டை, சொல். “பாய்” என்ற சொல்லை அகலமான பொருத்தத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? “பாய் வீட்டு பிரியாணி” என்று தேடுபவருக்கும், “யோகா பாய்” தேடுபவருக்கும், “பிளாஸ்டிக் பாய்” தேடுபவருக்கும் விளம்பரம் போகலாம். பிரியாணி தேடியவர் தெரியாமல் தொட்டாலும் காசு நம்முடையது. அதற்குப் பதிலாக “பத்தமடை பாய் விலை”, “கல்யாணப் பாய் பெயர் பொறித்தது” என்ற சொற்றொடர்களைக் கொடுக்க வேண்டும். பிரியாணி, யோகா, பிளாஸ்டிக், இலவசம், வேலைவாய்ப்பு போன்றவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்க்க வேண்டும். மக்கள் உண்மையில் என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியல் கணக்கிலேயே இருக்கும். வாரம் ஒரு முறை அதைப் பார்த்து விலக்குச் சொற்களைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, இடம். உள்ளூரில் மட்டும் சமையல் ஆர்டர் எடுப்பவர் தமிழ்நாடு முழுவதற்கும் விளம்பரம் காட்டினால் வீண். நம் ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு சிறு அமைப்பு இருக்கிறது. அந்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் காட்டு என்பதே வழக்கமாக அதில் இருக்கும். அதை மாற்றி, அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைக்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டை, தினத் தொகை. ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும் சில நாட்களில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம். மாதம் முழுவதற்கும் சேர்த்து, தினத் தொகையின் 30.4 மடங்கை அது தாண்டாது. அதாவது 200 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,080 ரூபாய் வரை போகலாம் என்று மனதில் கொண்டே தொடங்க வேண்டும்.

பாடம் 5: லாபக் கணக்கு

விளம்பரம் போட்டவரிடம் “எப்படிப் போகிறது?” என்று கேட்டால், “பத்தாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், நானூறு லைக்” என்பார். லைக்கைக் கொண்டு அரிசி வாங்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு எவ்வளவு?

அதே பாய்க் கடையை வைத்துக் கணக்குப் போடுவோம். விற்கும் விலை 1,400 ரூபாய். பாயின் அடக்கம் 900. பொதிவதும் அனுப்புவதும் 200. மீதி 300. ஒரு தொடுதலுக்கு 6 ரூபாய் ஆகிறது என்றால் 100 பேர் வர 600 ரூபாய். அந்த 100 பேரில் 2 பேர் வாங்கினால் ஒரு விற்பனைக்கு 300 ரூபாய் விளம்பரச் செலவு. கிடைத்த 300ம் அதற்கே போயிற்று. 4 பேர் வாங்கினால் செலவு 150, லாபம் 150. ஒருவர் மட்டும் வாங்கினால் 300 ரூபாய் நஷ்டம்.

இதோடு கணக்கு முடியவில்லை. விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 600 ரூபாய்க்கு 108 ரூபாய் சேர்த்து 708. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறு வியாபாரிக்கு அது முழுச் செலவு. அப்போது 2 பேர் வாங்கினால் விற்பனைக்கு 354 ரூபாய் செலவு. சரிக்குச் சரி என்று நினைத்தது, பாய் ஒன்றுக்கு 54 ரூபாய் நஷ்டமாக முடிகிறது. விளம்பரத்தைக் கவனிக்க ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. விற்பனை லாபம் மிகக் குறைவாக உள்ள பொருளுக்குக் கட்டண விளம்பரம் கட்டுப்படியாகாது. ஒரு முறை வாங்கியவர் மறுபடி வாங்கும் தொழிலாக இருந்தால் முதல் விற்பனையில் லாபம் இல்லாவிட்டாலும் பொறுக்கலாம். அதிகம் பேரை வரவழைப்பதைவிட, வந்தவர்கள் வாங்கும்படி படம், விலை, அனுப்பும் நாள், மாற்றித்தரும் விதி ஆகியவற்றைத் தெளிவாக எழுதி வைப்பது மலிவு.

முதல் மாதம், போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடன் வாங்கியோ நகையை வைத்தோ விளம்பரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். கணக்குத் தெளிந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பாடம் 6: சேவை தருபவரிடம் கேட்க வேண்டியவை

எல்லாவற்றையும் நாமே செய்ய நேரம் இருக்காது. இந்தத் தொழிலைப் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை கொடுப்பது நல்லதே. ஆனால் பழக்கம் வேறு, கணக்கு வேறு. யாராக இருந்தாலும் எழுத்தில் இவற்றைக் கேளுங்கள்.

• கணக்குகள் யார் பெயரில் இருக்கும்?
• நான் தரும் பணத்தில் கூகுளுக்கோ மெட்டாவுக்கோ போவது எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு? இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து “பேக்கேஜ்” என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரத் தொகையை நம் கணக்கில் நாமே கட்டி, கூலியைத் தனியாகக் கொடுப்பதே சரி.
• மாத அறிக்கையில் அழைப்பு, ஆர்டர், விற்பனை எண்ணிக்கை இருக்குமா, வெறும் பார்வைகள்தானா?
• நிறுத்த நினைத்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்?

“கூகுளில் முதலிடம் நிச்சயம்” என்று ஒருவர் உறுதி கொடுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். விளம்பரம் அல்லாத தேடல் முடிவுகளில் இடத்தை விற்பதில்லை என்றும், முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் கூகுளே சொல்கிறது. எஸ்.இ.ஓ. என்பது தளத்தை ஒழுங்காக, வேகமாக, பயனுள்ளதாக வைத்துப் படிப்படியாக மேலே வருவது. அதற்கு மாதங்கள் ஆகும்.

அவர் இதற்கு முன் செய்த வேலையையும் பார்க்கலாம். மெட்டாவின் விளம்பர நூலகத்திலும், கூகுள் 2023இல் தொடங்கிய விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்திலும் ஒரு நிறுவனம் போட்டுள்ள விளம்பரங்களை யாரும் இலவசமாகப் பார்க்க முடியும். நம் தொழிலில் உள்ள மற்றவர்கள் எப்படி விளம்பரம் செய்கிறார்கள் என்று கற்கவும் இது உதவும்.

பாடம் 7: நம் தளத்தில் மற்றவர் விளம்பரம்

சமையல், கல்வி, ஊர்ச் செய்தி என்று தளம் நடத்தும் இளைஞர்கள் அதில் விளம்பரம் ஏற்று வருமானம் பார்க்கிறார்கள். கூகுள் 2003இல் தொடங்கிய ஆட்சென்ஸ் இதற்கான முக்கியச் சேவை. 2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் இது கிடைக்கிறது. 18 வயது நிரம்பாதவர் பெயரில் கணக்குத் தொடங்க முடியாது. சேர்ந்த தொகை 100 டாலரைத் தொட்டால்தான் வங்கிக்கு வரும். வருவோர் குறைவாக உள்ள தளத்தில் அதற்கே நெடுநாள் ஆகும். எனவே படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு இதை நம்பக் கூடாது.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, எந்த விளம்பரம் வருகிறது என்பது. தானாக வரும் விளம்பரங்களில் சூதாட்ட விளையாட்டு, வட்டிக் கடன், ஜோதிடம், ஆபாசச் சாயல் உள்ளவை என்று நாம் விரும்பாதவையும் கலந்துவிடலாம். “அது கூகுள் போடுவது, நான் என்ன செய்ய?” என்று கை விரிக்க முடியாது. கணக்கில் தடைக் கட்டுப்பாடுகள் என்ற பகுதி இருக்கிறது. அங்கே நுகர்வோர் கடன், சூதாட்டச் சாயல் விளையாட்டு, டேட்டிங், ஜோதிடம், குறுக்கு வழியில் பணம் போன்ற வகைகளை வகைவாரியாக நிறுத்தலாம். குறிப்பிட்ட விளம்பரதாரரின் முகவரியைக் கொடுத்தும் தடுக்கலாம். வருமானம் சற்றுக் குறையும். கடையில் எதை வைத்து விற்பது என்று தீர்மானிப்பது போலத்தான் இதுவும். வடிகட்டியைத் தாண்டி ஒன்றிரண்டு வரக்கூடும் என்பதால் அவ்வப்போது பார்த்து நீக்க வேண்டும்.

இரண்டாவது, “என் தளத்துக்கு வந்து விளம்பரத்தை ஒரு தடவை தொடுங்கள்” என்று உறவினர்களையும் நண்பர்களையும் கேட்பது. பலர் இதை உதவி என்று நினைக்கிறார்கள். அந்தத் தொடுதலுக்கு எங்கோ ஒரு வியாபாரி காசு கட்டுகிறார். வாங்கும் எண்ணமே இல்லாமல் அவர் பணத்தைச் செலவழிக்க வைப்பது அவரிடமிருந்து எடுப்பதுதான். இத்தகைய தொடுதல்களைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு கூகுளிடம் உண்டு. கணக்கை மூடி, சேர்ந்த பணத்தையும் நிறுத்திவிடுவார்கள்.

பாடம் 8: பொய் மதிப்புரையும் “விளம்பரம் பார்த்தால் பணம்” வலையும்

“500 ஐந்து நட்சத்திர மதிப்புரை இவ்வளவு ரூபாய்” என்று விற்கிறார்கள். வாங்காதவர் வாங்கியது போல் எழுதும் மதிப்புரை, வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு மற்றவரை ஏமாற்றும் செயலுக்கு ஒப்பானது. நஜ்ஷ் என்று நம் வணிகச் சட்டத்தில் தடுக்கப்பட்டது அதுவே. நாட்டின் சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் இது பொருந்தும். இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநிலை வெளியிட்டது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் ஒரு கடையைப் புகழும் பிள்ளைகள், அது விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நல்ல மதிப்புரைக்கு நேர்வழி எளிது. வாங்கிச் சென்றவரிடம், “உங்கள் அனுபவத்தை உள்ளபடி எழுதுங்கள்” என்று கேளுங்கள். குறை சொல்லி எழுதியவருக்குக் கோபப்படாமல் பதில் சொல்லிச் சரிசெய்யுங்கள். அந்தப் பதிலைப் படிப்பவர் நம்மை நம்புவார்.

கடைசியாக, எல்லாக் குடும்பங்களுக்குமான எச்சரிக்கை. “வீட்டிலிருந்தே விளம்பரம் பாருங்கள், லைக் போடுங்கள், தினமும் பணம்” என்ற அழைப்புகள் வேறு பெயரில் வந்துகொண்டே இருக்கின்றன. 2017 பிப்ரவரியில் நொய்டாவில் பிடிபட்ட ஒரு நிறுவனம், ஒரு லைக்குக்கு 5 ரூபாய் என்று சொல்லி, சேரும் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 3,700 கோடி ரூபாய் திரட்டியிருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. பணம் இழந்தவர்கள் லட்சக்கணக்கானோர்.

மேலே நாம் படித்த பாடங்களே இதன் பொய்யைக் காட்டிவிடும். விளம்பரம் கொடுப்பவர் காசு தருவது வாடிக்கையாளர் கிடைப்பதற்காக. வாங்கப் போகாதவர் தினமும் உட்கார்ந்து பார்ப்பதால் அவருக்கு என்ன லாபம்? லாபமில்லாத இடத்தில் அவர் ஏன் பணம் தர வேண்டும்? அப்படியானால் நமக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது? நமக்குப் பின் சேர்ந்தவர் கட்டிய பணத்திலிருந்துதான். சேருவதற்குப் பணம் கேட்டாலோ ஆள் சேர்த்தால் கமிஷன் என்றாலோ விலகிவிடுங்கள். டெலிகிராமில் முதலில் 150, 200 ரூபாய் கொடுத்து நம்பவைத்து, பிறகு “பெரிய டாஸ்க்” என்று ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதும் இதே வலைதான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு. பொருள் வாங்கியதில் ஏமாற்றம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் செய்து பார்க்க

1. தொழில் செய்பவர்கள் ஐந்து சாவிகளையும் ஒரு தாளில் எழுதி, எதிரே யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் உள்ளது என்று குறியுங்கள். தெரியாதது எது என்று பார்த்து இந்த வாரமே கேளுங்கள்.

2. நீங்கள் விற்கும் ஒரு பொருளுக்கு விலை, அடக்கம், அனுப்பும் செலவு எழுதி, மீதி எவ்வளவு என்று காணுங்கள். 100 பேர் வந்து 2 பேர் வாங்கினால், ஒரு தொடுதலுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? ஜி.எஸ்.டி.யைச் சேர்க்க மறக்காதீர்கள்.

3. உங்கள் பொருளைத் தேடும் ஒருவர் எழுதக்கூடிய ஐந்து சொற்றொடர்களையும், விலக்க வேண்டிய ஐந்து சொற்களையும் எழுதுங்கள். இதில் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சொல்வதைக் கேளுங்கள். வாங்குபவரின் பேச்சு அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

4. பெற்றோர் இந்த மாதம் ஒரு முறையாவது பிள்ளைகளிடம், “விளம்பரம் பார்த்துப் பணம் என்று ஏதாவது சேர்ந்திருக்கிறாயா?” என்று கோபமில்லாமல் கேளுங்கள்.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய பெயர் நாளை இருக்காது. ஆனால் உரிமை நம் பெயரில் இருக்க வேண்டும், கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும், சொல்லும் சொல் உண்மையாக இருக்க வேண்டும் என்ற மூன்றும் மாறாது. இவற்றைப் பிடித்துக்கொண்டு சிறிதாகத் தொடங்குங்கள். தெரிந்ததை அடுத்த வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள். உழைப்பில் சேர்த்த பணம் வீணாகாமல், வியாபாரத்தில் பரக்கத் பெருகட்டும்.